நான்காவது சுற்றிலேயே 117 டிகிரி: பெரிய ரேடியேட்டர் போட்டும் தீராத சூடு

பதிவு 1 | வளைவுப்பித்தன்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது இரண்டு இருக்கை கொண்ட, முன்பக்க இன்ஜின் வைத்த டர்போ கார். ஏறக்குறைய 300 குதிரைத்திறன். சாலையில் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் வெப்ப முள் நடுவை விட்டு அசைந்ததே இல்லை. பந்தயத் தடத்தில் இறக்கினால்தான் வம்பு.

சென்ற மாதம் வெளி வெப்பம் 28 டிகிரி இருந்த நாளில், நான்காவது சுற்றில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 117 டிகிரியைத் தொட்டது. காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைக் கைபேசியில் இணைத்துப் பார்த்த அளவு அது. உடனே காரின் கணினி இழுவையைக் குறைத்துவிட்டது. நேர்ப்பாதையில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் என்னைக் கடந்து போனது. அந்த அவமானத்தில், பழையதைப்போல இரண்டு மடங்கு தடிமனான அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன்.

நேற்று மறுபடி ஓட்டினேன். வெளியே 31 டிகிரி. கூலன்ட் அதே 117. ஆயில் 138. செலவழித்ததெல்லாம் வீண் என்றுதான் தோன்றுகிறது. அடுத்து எதை மாற்றுவது? வாட்டர் பம்பா, பெரிய ஃபேனா, இன்னும் பெரிய ரேடியேட்டரா?

பதிவு 2 | நேர்வழி

சூடேறினால் திறக்கும் அந்த வால்வை, தெர்மோஸ்டாட்டை, கழற்றி எறியுங்கள். தண்ணீரின் வழியில் உட்கார்ந்திருக்கும் தடை அது ஒன்றுதான். என் பழைய காரில் கழற்றிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன, சூடு என்ற பேச்சே இல்லை. கூடவே ஃபேனைப் பெரிதாக்கினால் வேலை முடிந்தது.

பதிவு 3 | பழைய ஸ்பேனர்

வளைவுப்பித்தன் தம்பி, தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டாம். முதலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அது இன்ஜினின் குறைந்தபட்ச வெப்பத்தை மட்டும் தீர்மானிக்கிறது. 88 டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது என்றால் நூறைத் தாண்டும்போது முழுவதும் திறந்துவிடும். 117இல் அது உங்களுக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. குறைந்த வெப்பத்தில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் ஓட்டம் தொடங்கும்போது சில டிகிரி கையிருப்பு கிடைக்கும். நான்காவது சுற்றில் போய் நிற்கும் இடம் அதேதான்.

கழற்றினால் இன்னொரு கேடு உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டருக்கான வழி திறக்கும்போது, கீழே இருக்கும் அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நேர்வழி நண்பரின் காரில் அப்படி ஒரு தட்டு இல்லை போலிருக்கிறது, தப்பித்தார்.

அதோடு, தடையே இல்லாவிட்டால் தண்ணீர் மிக வேகமாக ஓடி, ரேடியேட்டரில் வெப்பத்தை இறக்கிவைக்க நேரம் கிடைக்காமல் போய்விடும்.

பதிவு 4 | வெப்பக்கணக்கு

பழைய ஸ்பேனர் ஐயா சொன்ன முடிவு சரி. கடைசிப் பத்தி மட்டும் தவறு, மன்னிக்கவும். தண்ணீர் வேகமாக ஓடினால் ஒவ்வொரு லிட்டரும் குறைவாகத்தான் குளிரும், உண்மை. ஆனால் அதே நேரத்தில் அதிக லிட்டர்கள் கடந்து போகின்றன. ரேடியேட்டரின் சராசரி வெப்பம் உயர்கிறது. எனவே மொத்தமாக வெளியேறும் வெப்பம் கூடத்தான் செய்யும். பந்தயக் கார்களில் தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் ஓட்டை போட்ட தகட்டை வைப்பதற்குக் காரணம் வேறு. அந்தத் தடையால் இன்ஜின் உள்ளே அழுத்தம் உயர்கிறது. எரியறையை ஒட்டிய சூடான இடங்களில் தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழி உண்டாவது அதனால் தள்ளிப்போகிறது.

இப்போது தொடக்கக் கேள்வி. பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மீதி கூலன்டுக்கும் ஆயிலுக்கும் வருகிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் போதும். தடத்தில் 300 குதிரைத்திறன் காரின் சராசரி அதைப்போல ஐந்தாறு மடங்கு. கூலன்டில் சேரும் வெப்பத்தை 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர்ப் பக்கம்: நொடிக்கு 2 லிட்டர் ஓடினால், ரேடியேட்டரில் 12 டிகிரி குளிர்ந்தால் போதும். சாதாரண பம்பே இதைச் செய்துவிடும்.

காற்றுப் பக்கம்தான் கடினம். ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். காற்று ரேடியேட்டரைக் கடக்கும்போது 40 டிகிரி சூடாகிறது என்று எடுத்தால் நொடிக்கு 2 கன மீட்டருக்கு மேல் தேவை. கால் சதுர மீட்டர் ரேடியேட்டரில் அது மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகம்.

கார் 150இல் பறக்கும்போது ரேடியேட்டருக்குள் வெறும் 30 கிலோமீட்டர் வேகக் காற்று போனால் போதும். அதுகூட உங்கள் காரில் போகவில்லை என்று நினைக்கிறேன். தடிமனான ரேடியேட்டர் காற்றுக்கு அதிகத் தடை. ஓரத்தில் இடுக்கு இருந்தால் காற்று அதன் வழியே நழுவிவிடும். பின் வரிசைக் குழாய்களுக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும்.

ஃபேனில் பணத்தைப் போடாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதற்கு வேலையே இல்லை. அதன் பிளாஸ்டிக் உறை ரேடியேட்டரை முழுக்க மூடியிருந்தால், வேகத்தில் அதுவே தடை. சில கார்களில் அந்த உறையில் ரப்பர் மடல்கள் இருக்கும். வேகக் காற்று வந்தால் திறந்து வழிவிடும். உங்கள் காரில் அவை இறுகி ஒட்டிப்போகாமல் இருக்கின்றனவா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

இன்னொன்று, பணம் முழுக்க வீணாகவில்லை. 28இல் 117 என்றால் இடைவெளி 89. 31இல் 117 என்றால் இடைவெளி 86. வெளி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கூலன்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். புது ரேடியேட்டர் மூன்று டிகிரி கொடுத்திருக்கிறது.

பதிவு 5 | பழைய ஸ்பேனர்

வெப்பக்கணக்கு அம்மா, இத்தனை ஆண்டுகளாகச் சரியான வேலையைத் தவறான காரணம் சொல்லிச் செய்துவந்திருக்கிறேன் என்று தெரிகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பி, இடுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். இருட்டிய பிறகு காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் பின்புறம் முன்னோக்கி வெளிச்சம் அடிக்கும்படி பளிச்சென்ற விளக்கு ஒன்றை வையுங்கள். முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, பம்பர் திறப்புக்குள் பாருங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சல்லடை மாதிரி மங்கலாகத் தெரியும் வெளிச்சம் நல்லது. ஓரங்களில், மேலே, கீழே நேராகக் கண்ணில் குத்தும் வெளிச்சமெல்லாம் காற்று ஓடிப்போகும் ஓட்டை. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் விரற்கடை இடைவெளியைப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

பதிவு 6 | வளைவுப்பித்தன்

அண்ணா, பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ரேடியேட்டரின் இரு பக்கமும் என் உள்ளங்கை நுழையும் அளவு சந்து. பழைய ரேடியேட்டருக்குக் கம்பெனி கொடுத்திருந்த பிளாஸ்டிக் தடுப்புகள் தடிமனான புது ரேடியேட்டருக்குப் பொருந்தவில்லை என்று நானேதான் கழற்றி அலமாரியில் வைத்தேன்! மேலே பானெட்டின் பூட்டு இருக்கும் சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நீள வெளிச்சக் கோடு ஒன்று. அடியில் இருக்க வேண்டிய தட்டை, ஆயில் மாற்ற வசதியாக இருக்கும் என்று போன ஆண்டு கழற்றியதோடு சரி.

கண்டென்சரைச் சற்று முன்னால் சாய்த்துப் பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு கைப்பிடி அளவுக்குக் குப்பை. டயரிலிருந்து உதிர்ந்து சுருண்ட ரப்பர்த் துணுக்குகள், காய்ந்த புல், பூச்சி இறக்கைகள், ஏதோ பிளாஸ்டிக் உறையின் கிழிசல். கடைசியாக மணலிலிருந்து தடத்துக்கு ஏறி வந்தேனே, அந்த மணலும் தகடுகளுக்கு நடுவே இறுகிக் கிடக்கிறது. பழைய ரேடியேட்டரைக் கழற்றியபோதே இதைப் பார்த்திருக்க வேண்டும். அப்போது புதுப் பொருளின் பளபளப்பில் கண் மங்கியிருந்தது.

கழுவலாமா?

பதிவு 7 | பழைய ஸ்பேனர்

கழுவுங்கள். ஆனால் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, வந்த வழியே குப்பை திரும்பிப் போகும்படி. சாதாரண ரப்பர்க் குழாயின் தண்ணீர் போதும். அழுத்தத்தில் பீய்ச்சும் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும்; குப்பை அடைத்ததும் தகடு மடங்கியதும் காற்றுக்கு ஒன்றுதான். மடங்கியவற்றை மெல்லிய சீப்பால் நிமிர்த்தலாம், பொறுமை வேண்டும்.

சந்துகளை மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி மூடுங்கள். தகடு ரேடியேட்டரைத் தொடும் விளிம்பில் தடித்த நுரைப்பட்டை ஒட்டுங்கள். வெறும் தகடு அதிர்ந்து அதிர்ந்து ரேடியேட்டரை அறுத்துவிடும். அடித்தட்டு கட்டாயம் திரும்பப் போக வேண்டும்.

பதிவு 8 | நேர்வழி

அடைப்பதெல்லாம் சரி, சூடான காற்று வெளியே போக வேண்டாமா? பானெட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்துத் தூக்கிவிடுங்கள். கண்ணாடி ஓரமாகச் சூடு வெளியேறும். எத்தனையோ பேர் செய்கிறார்கள்.

பதிவு 9 | வெப்பக்கணக்கு

செய்கிறார்கள், நின்றுகொண்டிருக்கும் காரில் அது வேலையும் செய்யும். ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதி உயர் அழுத்த இடம். பானெட்டின் மேல் வழுக்கி வரும் காற்று கண்ணாடியில் மோதித் தேங்கும் மூலை அது. அதனால்தான் கேபினுக்குள் போகும் காற்றைக் கார்க் கம்பெனிகள் அங்கிருந்து எடுக்கின்றன. அங்கே திறந்துவைத்தால் வேகத்தில் காற்று இன்ஜின் அறைக்குள் நுழையும். ரேடியேட்டரின் பின்னால் அழுத்தம் கூடும். முன்னாலிருந்து காற்று வருவது குறையும்.

முன்பின் அழுத்த வேறுபாடுதான் காற்றைத் தள்ளுகிறது. 150 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் முழு அழுத்தமே 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம்தான். பின்னால் அதில் பாதி தேங்கினாலும் கதை முடிந்தது.

வெளியேற நல்ல இடம் பானெட்டின் முன் பாதி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். அங்கே காற்று வளைந்து ஏறி வேகமெடுப்பதால் அழுத்தம் குறைவு. திறப்பின் முன் விளிம்பில் சிறிய நிமிர்ந்த மடிப்பு இருந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சும். வெட்டும் முன், பானெட் முழுக்க விரல்நீளக் கம்பளி நூல்களை ஒட்டி, கேமராவால் படம் பிடியுங்கள். நூல் படிந்து பின்னோக்கி ஓடும் இடத்தில் வெட்டலாம். நூல் எழுந்து திசை தெரியாமல் ஆடும் இடத்தை விட்டுவிடுங்கள். வசதி இருந்தால், ரேடியேட்டருக்கு முன் ஒரு மெல்லிய குழாய், பின் ஒரு குழாய் வைத்து இரண்டையும் கேபினில் ஒரு வேறுபாட்டு அழுத்தமானியில் இணைத்துவிடுங்கள். ஊகத்துக்கே இடமில்லை.

முன் திறப்பைப் பெரிதாக்க ஆசைப்பட வேண்டாம். பக்கங்கள் அடைபட்டு, பின்னோக்கி விரிந்துபோகும் வழி இருந்தால், ரேடியேட்டர் பரப்பில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு திறப்பே போதும். விரியும் வழியில் காற்று வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. 1930களில் மெரடித் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர் விமான ரேடியேட்டர்களுக்கு இதைக் கணக்கிட்டார். வெளியேறும் வழியையும் சரியாக வடிவமைத்தால் சூடான காற்றே கொஞ்சம் உந்துவிசை தரும் என்றும் காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்தின் வயிற்றில் தொங்கும் அந்தப் பெரிய வாய்க்குள் இருப்பதும் ரேடியேட்டர்தான். நம் காருக்கு உந்துவிசை வேண்டாம், 15 டிகிரி குறைந்தால் போதும்.

பதிவு 10 | மஞ்சள் கொடி

தடத்தின் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவன் நான். நீங்கள் எல்லோரும் சூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். காருக்குள் ஊற்றியிருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லையே.

ஒரு நாள் காலை வேகமான வலது வளைவில் ஒரு காரில் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர்க் குழாய் (ஹோஸ்) கழன்றது. பச்சைக் கூலன்ட் ஓட்டப்பாதையில் நீளமாகக் கோடு போட்டது. ஓட்டியவர் நல்லவர், உடனே புல்லில் இறக்கிவிட்டார். ஆனால் பின்னால் வந்த இரண்டு கார்கள் அந்தக் கோட்டில் கால் வைத்த கணமே பம்பரமாகச் சுற்றின. எண்ணெயை உறிஞ்சும் தூளைக் கொட்டித் தேய்த்தோம், கழுவினோம். கூலன்டில் உறையாமல் இருக்கக் கலக்கும் கிளைகால் தண்ணீரைப் போல உலர்ந்து போகாது, வழுவழுப்பு விடாது. அன்று முற்பகல் முழுவதும் அப்படியே போனது.

எனவேதான் பல தடங்களிலும் பந்தய விதிகளிலும் கிளைகாலுக்குத் தடை. பதிவு செய்யும்போதே அந்த விதியைப் படித்துவிடுங்கள். தடை இருக்கும் இடத்தில், உப்பு நீக்கிய தண்ணீரோடு துரு தடுக்கும் சேர்மானம் மட்டும். கிளைகாலை வடித்துவிட்டு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதாது; ஹீட்டருக்குள்ளும் இன்ஜினுக்குள்ளும் மீதி நிற்கும். இரண்டு மூன்று முறை நிரப்பி, ஓட்டி, வடிக்க வேண்டும். உறைபனி விழும் ஊரில் இருப்பவர்கள் குளிர்காலம் வருமுன் மறக்காமல் கிளைகாலுக்குத் திரும்பிவிடுங்கள். உறைந்து விரியும் நீர் இன்ஜின் சுவரையே பிளந்துவிடும்.

பதிவு 11 | வளைவுப்பித்தன்

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடாதா? நான் 117இல் ஓடுகிறேனே!

பதிவு 12 | வெப்பக்கணக்கு

மூடியின் அழுத்தம்தான் காப்பாற்றுகிறது. 1 பார் மூடி, அதாவது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு அதிக அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கும் மூடி, சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைகால் கலவை ஏறக்குறைய 129இல். கொதிநிலையில் கிளைகாலுக்கு வெற்றி. ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்குத்தான் வெற்றி. கலவையைவிடத் தண்ணீருக்கு வெப்பக் கொள்ளளவும் கடத்துதிறனும் அதிகம். எனவே அதே காரில் தண்ணீர் ஊற்றினால் ஓடும் வெப்பமே சில டிகிரி குறையும். 117இல் வெறும் தண்ணீர் என்பது விளிம்பில் நடப்பது. முதலில் காற்றைச் சரிசெய்து 105க்குக் கீழே கொண்டுவாருங்கள், பிறகு தண்ணீருக்கு மாறுங்கள்.

பதிவு 13 | முக்கோணச் சுழலி

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின்காரன் பேசலாமா? எங்கள் இன்ஜினில் ரோட்டரின் உட்புறத்தை ஆயில்தான் குளிர்விக்கிறது. எனவே ஆயில் சூடு என்றால் நாங்கள் கொஞ்சம் அலறுவோம்.

உங்கள் 138ஐ யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு 117ஐவிட அதுதான் பயம் தருகிறது. ஆயில் சூடாகச் சூடாக இளகும், நீண்ட வளைவில் அழுத்தம் விழும், பேரிங் தேயும். 130ஐத் தாண்டி ஓடும் ஆயிலை அந்த நாள் முடிந்ததும் வடித்துவிடுவது என் வழக்கம். பல டர்போ கார்களில் ஆயில் ஃபில்டரின் அடியில் கூலன்ட் ஓடும் சிறிய வெப்பமாற்றி இருக்கும். அது ஆயிலின் வெப்பத்தை எடுத்துக் கூலன்டில் போடுகிறது, அதாவது உங்கள் ரேடியேட்டரின் தலையில். தனி ஆயில் கூலர் போட்டால் இரண்டும் குறையும்.

அதை ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிடாதீர்கள். இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது), கண்டென்சர், ஆயில் கூலர், ரேடியேட்டர் என்று நான்கு அடுக்கு ஆனால் கடைசியில் நிற்பவருக்கு வெந்நீர் ஆவிதான். முன் சக்கரத்துக்கு முன்னால் பம்பரின் ஓரத்தில் வைத்து, தனி வழி கொடுத்து, காற்று சக்கர வளைவுக்குள் வெளியேறும்படி செய்யலாம். நுழைவாய்கள் மேல்நோக்கி இருந்தால் காற்று சிக்காது. ஆயிலுக்கும் ஒரு தெர்மோஸ்டாட் கட்டாயம். குளிர்ந்த ஆயிலோடு நிமிடத்துக்கு 7000 சுழற்சி தொடுவது வேறு வகைத் தற்கொலை.

பழைய கூலர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். உடைந்த இன்ஜினிலிருந்து கழற்றியதாக இருந்தால் உள்ளே இரும்புத் துகள் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுக்க வராது.

பதிவு 14 | சின்ன ரோட்ஸ்டர்

ரேடியேட்டருக்கு வெளியே மட்டுமே பார்க்கிறீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் எந்த வழியே போகிறது என்பதும் முக்கியம். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னுடையது. அதன் இன்ஜின் குடும்பம் முதலில் குறுக்கே வைக்கும் முன்சக்கர இழுவைக் கார்களுக்காகப் பிறந்தது. எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் திருப்பிவைத்தபோது தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கமே என்று ஆகிவிட்டது. பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குறைந்த ஓட்டம்தான். தடத்தில் ஓட்டுபவர்கள் வெளியேறும் வழியைச் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்துக்கு மாற்றுவது அதனால்தான். நானும் மாற்றினேன். முள்ளில் பெரிய வித்தியாசம் தெரியாது. முள் காட்டாத இடத்தில்தான் வித்தியாசம்.

பதிவு 15 | பழைய ஸ்பேனர்

முள் என்றதும் நினைவுக்கு வந்தது. காரோடு வரும் வெப்ப முள்ளை நம்பாதீர்கள். ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் அது அகலமான ஓர் எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது அசையும்போது நேரம் கடந்திருக்கும்.

எண்ணாகக் காட்டும் அளவி வையுங்கள். என்னைக் கேட்டால் அதைவிடவும் தேவை, கூலன்ட் அழுத்தத்தைக் காட்டும் சென்சார். ஹோஸ் கழன்று தண்ணீர் கொட்டிப்போனால் வெப்ப சென்சார் காற்றில் நிற்கும். சூடு ஏறுகிறது என்று காட்டாமல், அது இறங்குகிறது என்றுகூடக் காட்டும். ஓட்டுநர் மகிழ்ந்துகொண்டே இன்ஜினை உருக்குவார். அழுத்த அளவி அந்த நொடியே பூஜ்யத்துக்கு விழும், விளக்கு எரியும், அணைத்துவிடலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே அழுத்தம் விறுவிறுவென்று ஏறினால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள்.

அடுத்து, கூலன்டில் சிக்கிய காற்றை எடுப்பது. தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகினால் நிரப்பியாயிற்று என்று நினைப்பவர்களே அதிகம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காரின் மூக்கை உயர்த்தி, காற்றுத் திருகுகளைத் திறந்து, குமிழி நின்று ஒரே சீராகத் தண்ணீர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெற்றிடத்தால் உறிஞ்சி நிரப்பும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் அல்லது பின்னால் இன்ஜின் வைத்த கார்களில், நீளக் குழாய்கள் முன்னால்வரை ஓடுவதால், அந்தக் கருவி இல்லாமல் நான் கைவைப்பதே இல்லை.

ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். கிளாம்ப் அருகே உப்பியோ கொழகொழவென்றோ இருந்தால் போடுங்கள் குப்பையில். சிலிகான் ஹோஸ் போட்டால், திருகும் கிளாம்ப் வேண்டாம். தானாக இறுக்கம் காக்கும் ஸ்பிரிங் வகை போடுங்கள். திருகும் வகையில், குளிரும்போது சிலிகான் சுருங்கி ஓரமாகக் கசியும். பழுத்து மஞ்சளான பிளாஸ்டிக் தொட்டி, பிளாஸ்டிக் முனை வைத்த பழைய ரேடியேட்டர், பத்து ஆண்டு ஓடிய மூடி, இவையெல்லாம் ஆயுள் முடிந்தவை.

பதிவு 16 | நேர்வழி

சரி, தெர்மோஸ்டாட்டில் தோற்றேன், வாஷரிலும் தோற்றேன். இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள், ஏனென்றால் இதை என் பணத்தில் கற்றேன். ஐந்து சுற்று முழு வேகத்தில் ஓட்டிவிட்டு நேராக உள்ளே வந்து சாவியைத் திருப்பினேன். பம்ப் நின்றது, காற்று நின்றது. உலோகத்தில் இருந்த வெப்பம் மட்டும் நிற்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தொட்டியிலிருந்து குபுகுபுவென்று பொங்கியது. பதற்றத்தில் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் முகம் வெந்திருக்கும். கடைசிச் சுற்றை உயர் கியரில் மெதுவாக ஓட்டுங்கள், உள்ளே வந்ததும் பானெட்டைத் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள்.

ஓடும்போதே சூடு ஏறினால் முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்துப் போகாதீர்கள். நேர்ப்பாதையில் அரைக் கார் அகலம் விலகினாலே புதுக்காற்று கிடைக்கும். கடைசி ஆயுதம், ஹீட்டரை முழுவதும் திறப்பது. வெந்துபோவீர்கள், ஆனால் இன்ஜின் பிழைக்கும்.

பதிவு 17 | வளைவுப்பித்தன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்தவை: குப்பையைக் கழுவினேன். பக்கங்களிலும் மேலேயும் தகடும் நுரைப்பட்டையும் வைத்து அடைத்தேன்; மறுபடி விளக்கு வைத்துப் பார்த்தபோது ஒரு கோடுகூடத் தெரியவில்லை. அடித்தட்டு திரும்பியது. ஃபேன் உறையின் மடல்கள் நான்கில் மூன்று ஒட்டிப்போயிருந்தன, பிரித்துவிட்டேன். அழுத்த சென்சார் பொருத்தினேன். பானெட்டை வெட்ட மனம் வரவில்லை, கம்பளி நூல் மட்டும் ஒட்டினேன். கண்ணாடி ஓரத்தில் நூல்கள் பேய் பிடித்த மாதிரி ஆடியது வேடிக்கையாக இருந்தது. கூலன்ட் பழையதுதான், எங்கள் தடத்தில் கிளைகாலுக்குத் தடை இல்லை.

நேற்று வெளியே 33 டிகிரி. ஆறாவது சுற்றில் கூலன்ட் 104க்கு வந்தது, பத்தாவது சுற்றிலும் அங்கேயே நின்றது. இடைவெளி 86இலிருந்து 71. தகடு, நுரை, ஒரு நாள் மாலை, அவ்வளவுதான் செலவு. கணினி ஒருமுறைகூட இழுவையைக் குறைக்கவில்லை. அந்த ஹேட்ச்பேக்கும் வந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆயில் 131. குறைந்தது, ஆனால் போதாது. முக்கோணச் சுழலி சொன்னபடி பம்பர் ஓரத்தில் கூலர் வைக்க இடம் அளந்துவிட்டேன்.

அழுத்த அளவியின் பதிவையும் தருகிறேன். மூன்றாவது சுற்றில் 1.1 பார், ஆறில் 1.0, எட்டில் 0.9, பத்தில் 0.7. வெப்பம் நிலையாகவே இருந்தது. இது சரிதானே?

பதிவு 18 | பழைய ஸ்பேனர்

சரியில்லை. வெப்பம் நிலையாக இருக்கும்போது அழுத்தம் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? ஒன்று மூடி பிடிக்கவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. கார் ஆறியபின் தொட்டியின் அளவைப் பாருங்கள். கைப்பம்ப்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். புது ரேடியேட்டரின் ஹோஸ் வாய்கள் பழையதைவிடச் சற்றுச் சிறியவையா?

பதிவு 19 | வளைவுப்பித்தன்

கீழ் ஹோஸ், ரேடியேட்டர் பக்கம். கிளாம்ப்புக்கு அடியில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக உலர்ந்த கறை. பம்ப் செய்தபோது அதே இடத்தில் ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு நின்றது. வாயின் விட்டம் அளந்தேன், ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. சரியான அளவு ஹோஸும் ஸ்பிரிங் கிளாம்ப்பும் சொல்லிவைத்துவிட்டேன். மூடியையும் சேர்த்து மாற்றுகிறேன், அண்ணா.